ஒரு ஊதா வயரின் சரித்திரம்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்தினால் முதலில் என்ன ஆகும் தெரியுமா? கிளட்ச் பெடல் வைத்தாயிற்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அளவு பார்த்து மாட்டியாயிற்று. ஆயில் ஊற்றியாயிற்று. பேட்டரி புத்தம் புதுசு. சாவியைத் திருப்பினால்... ஒன்றும் ஆகாது. டொக் என்று ஒரு சத்தம்கூட வராது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நேராகப் போவதில்லை. வழியில் கியர் லீவரோடு சேர்ந்து நகரும் ஒரு சின்ன ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. லீவர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் அது வழிவிடும். வேறு எங்கே இருந்தாலும் கதவைச் சாத்திவிடும். பழைய லீவரைக் கழற்றும்போது அந்த ஸ்விட்சும் போய்விடுகிறது. பாதை நடுவில் அறுந்து கிடக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இந்தப் பாதையில் ஓடுவது ஊதா நிற வயர். ஸ்விட்ச் இருந்த இடத்தில் அதன் இரண்டு முனைகள் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் போதும், அடுத்த நொடி வண்டி உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். இரண்டு நிமிஷ வேலை.

அந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்யலாமா கூடாதா என்பதுதான் இன்றைய விஷயம். பி.காம். படித்துவிட்டு பாங்கில் கடன் ஃபைல் பார்க்கிறவருக்கு வயரிங் எதற்கு என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது :-) கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த ஒரு முழ வயரைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை கையில் கிடைத்தது. பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மும்பையில் ஓர் இம்பாலா

மும்பைக்கும் அமெரிக்கக் கார்களுக்கும் உறவு பழசு. 1928லேயே ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே சிவ்ரியில் தொழிற்சாலை போட்டது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே பூட்டி விற்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. 1954ல் சிவ்ரி ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு இறக்குமதியாக வந்தவை கொஞ்சம்தான். அறுபதுகளின் செவர்லே இம்பாலா என்றால் நம் அப்பாக்களின் தலைமுறைக்கு, சினிமா நட்சத்திரம் வந்து இறங்கும் வண்டி. அமெரிக்காவிலோ அது சாதாரணக் குடும்பத்துக் கார். 1965ல் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர் ஒரு பார்சி பெரியவர். அவருடைய மாமா வைத்திருந்த 1965 இம்பாலா அவரிடம் வந்து சேர்ந்தது. அதில் இருந்தது பவர்கிளைடு என்ற 2 கியர் ஆட்டோமேட்டிக். அது பல வருஷங்களுக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே கிடைக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவிலிருந்து அதே காலத்து 4 கியர் மேனுவல் பெட்டி ஒன்றை வரவழைத்தார். மன்சி என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸே செய்தது. வயரிங் வேலைக்கு அறுபதைத் தாண்டிய ஓர் உஸ்தாத். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் டார்ச் பிடிப்பது என் உத்தியோகம்.

உஸ்தாத் செய்தது மேலே சொன்ன அதே இரண்டு நிமிஷ வேலை. ஊதா முனைகளைச் சேர்த்தார், வண்டி ஓடியது. எல்லோரும் ஜிலேபி சாப்பிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை. வண்டி அவர்கள் காம்பவுண்டில், சற்றே சரிந்த தரையில், முதல் கியரில் நின்றது. மேனுவல் வண்டியைச் சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு வருவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே. பெரியவரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அவர் ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக். ரேடியோ கேட்கலாம் என்று உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது. ஒன்றே முக்கால் டன் வண்டி ஒரு துள்ளு துள்ளி எதிரே இருந்த சுவரில் முட்டி நின்றது. நடுவில் இருந்த பிளாஸ்டிக் வாளி அப்பளமாகிவிட்டது. அந்த வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பம்பரைக் கழுவிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பேரன், துணி எடுக்க அப்போதுதான் உள்ளே போயிருந்தான்.

பெரியவர் உஸ்தாதைக் கூப்பிட்டு அனுப்பினார். உஸ்தாத் பதறவில்லை. "சேட், கம்பெனிக்காரனே மேனுவல் இம்பாலாவுக்கு நேர் வயர்தான் கொடுத்தான். அவன் கொடுத்ததை நான் கொடுத்தேன். இதில் என் பிழை என்ன?" என்றார்.

பழைய வயரிங் வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை! 1965ல் மேனுவல் கியரோடு வந்த இம்பாலாவில் அந்த ஸ்விட்ச் கிடையாது. ஊதா வயர் சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு நேரே போகிறது. ஒரே தொழிற்சாலை, ஒரே வருஷம், ஒரே மாடல். ஒரு வண்டிக்குப் பூட்டு வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தார்கள்?

இதற்குப் பதில் தேட, ஸ்டார்ட்டரே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

கைப்பிடி சுற்றிய காலம்

ஆரம்பகாலக் கார்களை ஸ்டார்ட் செய்ய, முன்னால் நின்று ஓர் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நம்மூர் பழைய லாரிகளில் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் சட்டென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். கியரில் இருக்கும் வண்டியைத் தெரியாமல் சுற்றிவிட்டாலோ இன்னும் மோசம். சுற்றுகிற ஆள் நிற்பதே வண்டியின் முகத்துக்கு நேரே அல்லவா? ஸ்டார்ட் செய்பவரும் அடிபடக்கூடியவரும் ஒரே ஆள். அதனால் கைப்பிடியைத் தொடும் முன் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதை மாற்றியவர் சார்லஸ் கெட்டரிங். இவர் கதை பாங்க்காரர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் டேடன் நகரத்தில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாப்பெட்டியைக் கையால் இழுத்துத் திறந்த காலத்தில், சின்ன மின்மோட்டாரை வைத்துத் திறக்கச் செய்தார். கல்லாப்பெட்டி நாள் முழுக்கவா திறந்துகொண்டே இருக்கிறது? ஒரு நொடி வேலை, பிறகு ஓய்வு. அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரிடமிருந்தே அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம், அது எரிந்துவிடாது. இதே யோசனையைத்தான் பிறகு காருக்குக் கொண்டுபோனார். எஞ்சினைச் சுற்றுவதும் சில நொடி வேலைதானே. அவரும் நண்பர்களும் தொடங்கிய டெல்கோ நிறுவனம் செய்த மின்சார ஸ்டார்ட்டர், 1912 மாடல் கேடிலாக்கில் எல்லா வண்டிகளிலும் வந்தது. நம் இம்பாலாவின் ஸ்டார்ட்டரில் பொறித்திருக்கும் டெல்கோ-ரெமி என்ற பெயர் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

மணிக்கட்டுகள் பிழைத்தன. ஆனால் இன்னொன்றும் சேர்ந்து நடந்தது. ஸ்டார்ட் செய்கிறவர் வண்டியின் முகத்திலிருந்து சீட்டுக்குப் போய்விட்டார். வண்டி துள்ளினால் அடி இப்போது வேறு யாருக்கோ.

இருந்தும் பெரிய பயம் எழவில்லை. அன்றைய ஓட்டுநர் கிளட்சோடு குடித்தனம் நடத்தியவர். உட்கார்ந்ததும் இடது கால் தானாகக் கிளட்சை மிதிக்கும், கை லீவரை ஆட்டிப் பார்க்கும். பல வண்டிகளில் ஸ்டார்ட்டரே காலால் மிதிக்கிற பொத்தான், போகிற போக்கில் யாரும் அழுத்திவிட முடியாது. 1949ல் கிரைஸ்லர், சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும்படி செய்தது. சௌகரியம்தான். சௌகரியம் கூடக்கூட, தெரியாமல் நடப்பதற்கும் வழி கூடுகிறது.

கிளட்ச் போன கதை

அடுத்து வருகிறவர் ஏர்ல் தாம்சன். சரித்திரத்தில் சில பேர் ஒரு பிரச்சினையை இரண்டு முனையிலிருந்தும் தீர்த்துவிட்டுப் போவார்கள், அந்த ரகம். பல் உரசாமல் கியர் மாற்ற உதவும் சின்க்ரோமெஷ் அவருடைய வேலை. 1928ல் கேடிலாக்கில் வந்தது. இன்று நாம் ஓட்டும் எல்லா மேனுவல் கார்களிலும் அந்தத் தத்துவம் இருக்கிறது. மேனுவலை இப்படிச் சுலபமாக்கிய அதே மனிதர்தான் பிறகு மேனுவலே வேண்டாம் என்னும் பெட்டியைச் செய்த குழுவுக்கும் தலைவர். அதன் பெயர் ஹைட்ரமாட்டிக். 1939 இறுதியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் 57 டாலர் கூடுதல் விலைக்கு வந்தது. கிளட்ச் பெடலே இல்லாமல் பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் இதுதான். இரண்டாம் உலகப்போரில் இதையே டாங்கிகளிலும் வைத்தார்கள். 1950ல் செவர்லேயின் பவர்கிளைடு வந்தபோது மலிவு விலைக் காரிலும் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. அது 1973 வரை தயாரிப்பில் இருந்தது.

இங்கேதான் ஊதா வயரின் முடிச்சு இருக்கிறது. கிளட்ச் பெடலை எடுத்தபோது, ஸ்டார்ட் செய்யும் முன் இடது கால் தானாகச் செய்துவந்த காவலும் கூடவே போய்விட்டது. ஆட்டோமேட்டிக் வண்டி டிரைவில் இருக்கும்போது எஞ்சின் ஓடினால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே மெல்ல நகரத் தொடங்கும். கால் பார்த்த காவலை வேறு யாராவது பார்க்க வேண்டும். அந்த வேலையை லீவரிடம் கொடுத்தார்கள். லீவர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இல்லையென்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கிடையாது. அதாவது அந்தச் சின்ன ஸ்விட்ச், போன கிளட்சுக்குப் பதிலாக வந்த ஆள்.

மேனுவல் வண்டியில் ஏன் வைக்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. அங்கே கால் இன்னும் வேலையில் இருந்தது, அதை நம்பினார்கள்.

எழுத்துகளின் வரிசை

லீவரில் எழுதியிருக்கும் பி, ஆர், என், டி, எல் என்ற எழுத்துகளின் வரிசைக்கும் இதே போல ஒரு பின்கதை உண்டு. முதல் ஹைட்ரமாட்டிக்கில் பி என்ற பார்க்கிங்கே கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதுதான் பார்க்கிங். வரிசையும் வேறு: நியூட்ரல், ஹை, லோ, கடைசியில் ரிவர்ஸ். முன்னே போகும் லோவும் பின்னே போகும் ரிவர்ஸும் அடுத்தடுத்த வீடு! சேற்றிலோ பனியிலோ மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுக்க அது வசதி. ஆனால் லோவுக்குப் போக நினைத்த கை ஓர் அங்குலம் கூடப் போனால், வண்டி எதிர்த்திசையில் பாயும்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. கிரைஸ்லரோ 1956 முதல் 1964 மாடல் வரை லீவரை விட்டுப் பொத்தான்கள் வைத்தது. அண்ணன் வண்டியில் பழகியவர் தம்பி வண்டியை எடுத்தால் தடுமாற வேண்டியதுதான். 1965ல் ரால்ஃப் நேடர் எழுதி அமெரிக்கக் கார் தொழிலை உலுக்கிய புத்தகம் இந்த லீவர் வரிசைக் குழப்பத்தையும் பிடித்துக் கேள்வி கேட்டது. 1966ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1968 ஜனவரி 1 முதல் அமலான விதிகளில் 102ஆம் எண் கொண்டது முழுக்க கியர் லீவரைப் பற்றியது. முன்னே போகும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும். லீவர் முன்கியரிலோ ரிவர்ஸிலோ இருக்கும்போது ஸ்டார்ட்டர் வேலை செய்யக் கூடாது.

கவனியுங்கள், ஸ்டார்ட்டர் பற்றிய அந்த விதி ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குத்தான். மேனுவலை அப்போதும் ஓட்டுநரின் காலிடமே விட்டுவைத்தார்கள். பின்னாளில் கார் கம்பெனிகளே மேனுவல் வண்டிகளிலும் கிளட்ச் பெடலில் ஸ்விட்ச் வைக்கத் தொடங்கின.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1986ல் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989ல் அரசு அறிக்கை சொன்னது. அதற்குள் ஒரு நல்ல பழக்கம் பிறந்துவிட்டது: பிரேக்கை மிதிக்காமல் லீவரை பார்க்கிங்கிலிருந்து எடுக்கவே முடியாது என்ற பூட்டு. 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு அது கட்டாயம். இப்படி லீவரைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு வயருக்கும் பின்னால் எங்கோ நசுங்கிய ஒரு வாளியாவது இருக்கிறது.

உஸ்தாத் சொன்னது சரியா?

இவ்வளவையும் படித்துவிட்டு உஸ்தாதிடம் போனால், அவர் கையில் இன்னொரு நியாயம் தயாராக இருந்தது. "லெவல் கிராசிங்கில் எஞ்சின் நின்னுபோச்சு, ஸ்டார்ட் ஆகலை, ரயில் வருது. முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டுட்டு, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டரே வண்டியைத் தள்ளிக்கிட்டு வெளியே கொண்டுவந்துடும். ஸ்விட்ச் வெச்சா அது முடியுமா?" முடியாதுதான். பழைய ஓட்டுநர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை இது. இதே காரணத்துக்காக டொயோட்டா தன் காட்டுப்பாதை வண்டிகள் சிலவற்றில், கிளட்ச் ஸ்விட்சைத் தேவைப்படும்போது மட்டும் செல்லாததாக்க டேஷ்போர்டில் தனிப் பொத்தானே வைத்தது. ஆக உஸ்தாத் சொல்வது ஓட்டை வாதம் இல்லை.

ஆனால் அவருடைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஆட்டோமேட்டிக் இம்பாலாவை நிறுத்தும்போது லீவர் பார்க்கிங்கில் இருக்கும். அங்கே ஸ்டார்ட் செய்தால் வண்டி அசையாது, சக்கரம் பூட்டியிருக்கும், எஞ்சின் தனியாகச் சுற்றும். மேனுவலாக மாறியதும் பார்க்கிங் என்ற இடமே இல்லை. வண்டி கியரில் நிற்கிறது. முன்பு மிகவும் பத்திரமான இடத்தில் நின்ற வண்டி, இப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாத இடத்தில் நிற்கிறது. அந்தக் குடும்பத்திலோ பாதிப் பேருக்கு இடது கால் பழக்கம் கிடையாது. 1965ல் கம்பெனி நேர் வயர் கொடுத்தது இடது கால் பழகிய ஓட்டுநருக்கு. இந்த வீட்டில் அந்த ஓட்டுநர் இல்லை.

இதைச் சொன்னதும் உஸ்தாத் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சேட்டுக்கு லெவல் கிராசிங் வழியில் இல்லை, பேரன் வழியில் இருக்கான்" என்று சொல்லிவிட்டு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

செய்த வேலை இதுதான். ஊதா வயரின் இரு முனைகளையும் நீட்டி, கிளட்ச் பெடலின் பிராக்கெட்டில் பொருத்திய ஒரு ஸ்விட்சுக்குக் கொண்டுபோனார். பெடலைத் தரை வரை மிதித்தால்தான் அது இணைப்புக் கொடுக்கும். ஸ்டார்ட்டரின் சோலனாய்டு இழுக்கும் மின்சாரம் சில்லறை இல்லை, இந்தப் பாதையில் ஃப்யூஸும் கிடையாது. ஆகவே பழைய வயருக்குச் சமமான தடிமனில் புது வயர். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை எடுத்துவிட்டு முனைகளை நசுக்கிப் பிடிக்கும் லக் போட்டார். தகட்டில் உரசும் இடத்தில் ரப்பர் வளையம்.

அடுத்தது ரிவர்ஸ் விளக்கு. அதற்கான ஸ்விட்சும் பழைய லீவரோடு ஸ்டியரிங் கம்பத்தில் இருந்தது. இப்போது ரிவர்ஸ் என்பது புது கியர்பாக்ஸுக்குத்தான் தெரியும். எனவே விளக்குக்குப் போகும் இளம்பச்சை வயரையும், சாவியிலிருந்து வரும் மின்சாரத்தையும் கீழே இறக்கி, ரிவர்ஸ் விழும்போது அழுந்துகிற ஸ்விட்சோடு சேர்த்தார். சைலன்ஸர் சூட்டிலிருந்து தள்ளி கிளிப் போட்டுக் கட்டினார். முதல் தடவை இந்த விளக்கை யாருமே நினைக்கவில்லை. பின்னால் நிற்பவருக்கு வண்டி தன்னை நோக்கி வரப்போகிறது என்று சொல்கிற ஒரே வயர் அதுதான்.

கடைசியில் சோதனை. முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினார்: மௌனம். மிதித்துத் திருப்பினார்: உறுமல். ஒவ்வொரு கியரிலும் இதே மாதிரி. டேஷ்போர்டில் பழைய பி ஆர் என் டி எல் எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர் அதை எடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

வரைபடத்தில் இந்த மாற்றங்களைச் சிவப்பு மையால் குறித்து, தேதி போட்டு, ஒரு நகலை வண்டியிலேயே வைத்தோம். என் யோசனைதான், ஆபீஸ் புத்தி. பத்து வருஷம் கழித்து வேறு யாரோ ஒரு உஸ்தாத் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, இந்த வயர் எங்கே போகிறது என்று தலையைச் சொறியக் கூடாது பாருங்கள்.

பாங்கிலும் ஊதா வயர் உண்டு

பாங்கில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இது தொல்லையாகத் தெரியும். "ரெண்டு பேருமே நல்லவங்கதானே சார்" என்பார்கள். நல்லவர்களுக்கும் தூக்கம் வரும், அவசரம் வரும், காய்ச்சல் வரும். விதி அதற்காகத்தான்.

லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்திலும் இதையே பார்த்தேன். லெட்ஜரில் கிளார்க் எழுதுவார், ஆபீசர் பார்த்து இனிஷியல் போடுவார். லெட்ஜர் போனபோது இனிஷியல் போடும் இடமும் போயிற்று. அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் தன் ஐ.டி.யில் நுழைந்து பாஸ் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒரு பழைய ஏற்பாட்டை எடுக்கும்போது, அது வெளியே தெரியும் வேலையோடு வெளியே தெரியாத காவல் வேலை ஒன்றையும் பார்த்துக்கொண்டிருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பார்த்திருந்தால், இனி அதை யார் பார்ப்பார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.

நம் வீட்டு வண்டிகள்

இம்பாலா வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர், நமக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைக்காதீர்கள். நம்மைப் போல ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

2014ல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி.யோடு வந்த பிறகு நம்மவர்கள் பலர் கிளட்ச் இல்லாத வண்டிக்கு மாறிவிட்டார்கள். மும்பை, பெங்களூரு நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு. அந்த வண்டியில் பி என்ற பார்க்கிங் இல்லை, 1940 ஹைட்ரமாட்டிக்கில் இல்லாதது போலவே! நிறுத்தும்போது கியரில் விட வேண்டும். ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக்கையும் மிதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகாது. கால் பார்த்த காவலை அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதற்கு நாம் பழகிவிட்டோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். அங்கே அப்பாவின் பழைய மாருதி 800 நிற்கிறது, அல்லது மாமனாரின் அம்பாசடர். அவர்கள் வழக்கப்படி வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அந்த வண்டிகளில் எந்தப் பூட்டும் கிடையாது, 1965 மேனுவல் இம்பாலாவின் ஊதா வயர் மாதிரி நேர் பாதை. அப்பாவுக்கு ஆபத்தில்லை, அவருடைய இடது கால் நாற்பது வருஷமாக டியூட்டியில் இருக்கிறது. நம் கால்தான் லீவில் போய்விட்டது. நம் பிள்ளைகளின் கால் டியூட்டியிலேயே சேரவில்லை.

ஆகவே இந்த வருஷம் ஊருக்குப் போனால் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். அப்பா வண்டியின் சாவியைக் கையில் வாங்கியதும், முதலில் வண்டிக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு கிளட்சை முழுக்க மிதித்து, லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். சாவியைத் திண்ணையில் போட்டுவைக்காமல் ஆணியில் மாட்டச் சொல்லி அப்பாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கே சொல்லித்தர்றியா" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.